இரண்டு மலைக்கும் ஓடியவன்

1

இந்தக் கதை என் காலில் பிறந்தது. மறைக்க என்ன இருக்கிறது? புது ஷூ வாங்கிய ஜோரில் திருப்பதி தார் ரோட்டில் ஓடினேன். ஒரே வாரத்தில் கணைக்கால் எலும்பு விண்விண்ணென்று தெறித்தது. டாக்டர் காரணங்களை அடுக்கினார்: திடீரென்று ஓட்டத்தைக் கூட்டுவது, கெட்டித் தரை, தட்டைப் பாதம், பழைய அடி. அட, இத்தனையையும் ஒருத்தன் தலையில் கட்டிவிட்டால் கதையாச்சே என்று ஆட்டோவிலேயே முடிவு செய்துவிட்டேன்.

2

முதல் வரி: நகரி மலைக்குப் பின்னால் சூரியன் மெல்ல...

சே, வேண்டாம்.

ஆந்திர ராஜ்யம் உருவாகிச் சில ஆண்டுகளே ஆன நிலையில், எல்லைப் பிரச்சினையானது...

இது பரீட்சைக்குப் படிக்கிற பாடம். ஆளையே கூட்டிவருகிறேன். பெயர் துலுக்காணம். நகரிப் பக்கத்துக் கூலிக்காரன், ஏரி மணலில் ஓடிப் பழகியவன். (தட்டைப் பாதத்தை இவனுக்குக் கொடுத்தாயிற்று. பழைய அடியை விட்டுவிடுகிறேன், பாவம்.) சித்தூரில் போலீஸுக்கு ஆள் எடுக்கிறார்கள். நீண்ட ஓட்டத்தில் தேறினால் வேலை. தேறாவிட்டால் அவனும் பெண்சாதி ரத்தினம்மாவும் பெரிய வீட்டு வயலில் பழையபடி களை பிடுங்க வேண்டும். அவனுக்கு வயது ஏறிவிட்டது, அடுத்த தடவை சேர்க்க மாட்டார்கள்.

3

ஊர் ஆந்திராவிலேயே நிற்குமா, சென்னை ராஜ்யத்துக்குப் போகுமா என்று யாருக்கும் தெரியாத சமயம் அது. ரத்தினம்மா முன்ஜாக்கிரதைக்காரி.

"ஏழுமலையானுக்கு வேண்டிக்கினேன்யா. வேலை கெடச்சா நீ ஓடியே மலையேறுவேன்னு."

"ஏறிட்டாப் போச்சி."

"திருத்தணி முருகனுக்கும் வேண்டிக்கினேன்."

"ஏம்மே, அது இன்னாத்துக்கு?"

"ஊரு எந்தப் பக்கம் போவுதோ, யாரு கண்டா? அந்தப் பக்கத்து சாமி கோச்சிக்கினா?"

வேண்டுதலை வேலை கிடைத்தபிறகு செலுத்துவதுதானே வழக்கம் என்று அவன் கேட்டான். அவள் விடவில்லை. "போலீசுல சேந்துட்டா லீவு யாருய்யா குடுப்பா? இப்பவே முடிச்சிக்கினு வந்துடு."

மணலில் பழகிய கால், ஒரே வாரத்தில் இரண்டு மலைப் படிகளையும் வெறுங்காலோடு ஓடி ஏறியது.*

* டாக்டர் சொன்ன காரணங்களில் வேண்டுதல் இல்லை. மறந்திருப்பார்.

4

இங்கே எனக்கே சந்தேகம். ஒரு ஆம்பிளை இப்படியா தலையாட்டுவான்? 'துலுக்காணம் மறுத்துவிட்டான்' என்று எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை, அடித்துவிட்டேன். அவனுக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். அதோடு, பெண்சாதி என்றால் அவனுக்கு உயிர். அவள் இனி யார் வயலிலும் குனியக் கூடாது என்பதற்காக மூன்றாவது மலை இருந்தாலும் ஏறியிருப்பான்.

திருத்தணியில் இறங்கும்போதே வலி வந்துவிட்டது. எலும்பின்மேல் விரல் பட்டாலே துள்ளினான். ரத்தினம்மா நொச்சியிலை ஒத்தடம் கொடுத்தபடியே அழுதாள்.

"நாந்தான்யா உன் கால ஒடச்சேன்."

"ஒடையல மே. வலிக்குது, அவ்ளோதான்."

5

சித்தூர் மைதானம். காலைத் தடவிப் பார்த்த கம்பவுண்டர் சுந்தரமூர்த்தி தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார்: "சூடப்பா, இதோ பாரு, இப்ப நின்னுட்டா ஆறிடும். இதோட ஓடினா எலும்பு விரிஞ்சாலும் விரியும். அப்புறம் களைக்குக்கூடப் போவ முடியாது."

முடிவு ஒன்று: ஓடினான், ஜெயித்தான், காக்கிச் சட்டை போட்டான். (வாசகர் கைதட்டுவார், டாக்டர் என்னை அடிக்க வருவார்.)

முடிவு இரண்டு: பாதி ஓட்டத்தில் எலும்பு...

இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

முடிவு மூன்று: ஓடாமலே வண்டியேறி ஊர் திரும்பினார்கள். மறுநாள் இரண்டு பேரும் பெரிய வீட்டு வயலில் குனிந்தார்கள்.

ஓட்டம் தொடங்கும் கோட்டில் நின்ற துலுக்காணம் கயிற்றுக்கு அந்தப்புறம் நின்றவளைப் பார்த்தான்.

"நீ சொல்லு மே. ஓடட்டுமா, வேணாமா?"

'ஓடு' என்று அவள் சொன்னதாக எழுதினேன், அடித்தேன். 'வேணாம்யா, வந்துடு' என்று எழுதினேன், அதையும் அடித்தேன். எனக்கென்ன, அடித்து அடித்து எழுதலாம். அவள் ஒரு தடவைதான் சொல்ல முடியும். சொன்ன பிறகு அந்தக் காலோடும் அந்த வயலோடும் குடித்தனம் நடத்த வேண்டியவள் அவள்.

நீங்கள் சொல்வதானால் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லாதீர்கள், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சீக்கிரம். விசில்காரர் வாயில் விசிலை வைத்துவிட்டார்.