கடைசிக்கு முந்தின இடம்

என் மனைவியின் அண்ணன் தையல்காரர். ஐம்பத்தொன்பதாவது வயதில் மலைப்பாதையில் ஓடக் கிளம்பினார். மூன்று நாள், நூறு கிலோமீட்டர் போட்டி. ஓட்டம் என்பது விண்ணப்பத்தில் இருந்த சொல். அவர் செய்தது வேறு.

"எறும்பு ஊரக் கல்லும் தேயும்பாங்க. நீங்க ஊர்ற வேகத்துக்கு மலையே தேஞ்சிரும் மச்சான்" என்பேன்.

"தேயட்டும் மாப்ள. அடுத்த வருஷம் ஏத்தம் கம்மியா இருக்கும்" என்பார், குண்டூசிகளைக் கவ்விய வாயால்.

மூன்று வருடம் ஓடினார், மூன்றிலும் கடைசி. அவருக்குப் பின்னால் ஒரு பள்ளி ஆசிரியை மட்டும் வருவார். வழி தெரிவதற்காகக் கிளைகளில் கட்டியிருக்கும் சிவப்பு நாடாக்களை, கடைசி ஆள் தாண்டியதும் அவிழ்த்துக்கொண்டு வருவது அவர் வேலை. சும்மா நடப்பானேன் என்று மச்சானும் கூட அவிழ்ப்பார். வெட்டமாட்டார். முடிச்சை நகத்தால் நெம்பி, நாடாவை நீவி, சுருட்டிப் பையில் வைப்பார். பிறகு ஏன் கடைசியாக வரமாட்டார்?

ஒரே ஒரு தடவை கடைசிக்கு முந்தி வர வேண்டும் என்பது அவர் ஆசை. நான்காவது வருடம் என்னைக் கேட்காமலே என் பெயரையும் கொடுத்துவிட்டார்.

"உன்னைவிட மெதுவான ஆளு எங்க தேடியும் கிடைக்கல மாப்ள."

முப்பது வருடம் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு பார்த்தவன் நான்.

இரண்டு நாள் சேர்ந்தே நடந்தோம். மூன்றாம் நாள் ஐந்து மணிக்குள் எல்லைக்கோட்டைத் தாண்டாவிட்டால் மூன்று நாளும் வீண். கடைசியாகத் தண்ணீர் கொடுக்கும் இடத்தில் ஆசிரியைக்குக் கணுக்கால் பிசகிவிட, போட்டி நடத்துபவர்களின் வண்டியில் ஏறினார். "மீதி நாடாவை நான் பாத்துக்கறேன் டீச்சர்" என்றார் மச்சான்.

நான் அப்போது பாறை மறைவில் கொப்புளத்துக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தேன். என்னைக் காணாததும், நானும் அந்த வண்டியிலேயே போய்விட்டேன் என்று முடிவுகட்டிவிட்டார். என்மீது அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

நான் வெளியே வந்தால் பாதையில் ஒரு நாடா இல்லை. கால் மணி நேரம் நடந்ததும் வழி மூன்றாகப் பிரிந்தது. எந்த மரக்கிளையிலும் ஒரு கீறல்கூட இல்லை. அவர் வேலைச் சுத்தம் அப்படி. ஓடுகிறவர்களுக்கெல்லாம் கொடுத்திருந்த விசிலை எடுத்து ஊதினேன். ஊதிக்கொண்டே இருந்தேன்.

எல்லைக்கொடி கண்ணில் பட்டுவிட்ட இடத்திலிருந்து மச்சான் திரும்பி ஏறி வந்தார்.

"நீ வண்டியில போகலையா?"

"நல்லா இருக்கு மச்சான். ஆளு வர்றதுக்குள்ள பாதையவே சுருட்டிட்டீங்க."

"எனக்குப் பின்னாடி ஆளு இருந்து பழக்கமில்லடா."

அன்றுதான் அவர் நிஜமாகவே ஓடிப் பார்த்தேன். கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது நான் நின்றுவிட்டேன்.

"முன்னாடி போங்க மச்சான். இதுக்குத்தானே கூட்டிட்டு வந்தீங்க."

இரண்டு எட்டு வைத்தவர், பக்கத்துக் கம்பத்தில் கடைசி நாடாவைப் பார்த்துவிட்டார். நனைந்து இறுகிய முடிச்சு.

"டீச்சர்கிட்ட சொல்லியிருக்கேன்ல" என்று நகத்தை நுழைத்தார்.

கொடி பிடித்தவர் நொடிகளை எண்ண ஆரம்பித்தார். நான் நகரவில்லை. மச்சான் முடிச்சிலிருந்து கையெடுக்காமலே முதுகால் என்னை நெட்டித் தள்ளினார். நான் விழுந்தது கோட்டுக்கு அந்தப் பக்கம். ஏழு நொடி மிச்சமிருக்கையில், நாடாவைச் சுருட்டிக்கொண்டே அவரும் வந்தார்.

அவர் போய் ஒரு வருடமாகிறது. மலையில் அவ்வளவு நிதானமாக இருந்தவர், படுக்கையில் ஐந்தே வாரத்தில் முடித்துக்கொண்டார்.

"அண்ணன் கடைசியா வந்ததையே எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியாதீங்க" என்கிறாள் என் மனைவி. அந்த வருடப் பட்டியலே அதைச் சொல்கிறது. அவர் ஆசைப்பட்ட இடத்தில் என் பெயர் இருக்கிறது. பார்க்க வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்த வருடமும் பெயர் கொடுத்திருக்கிறேன். கடைசி இடம் எனக்குத்தான் என்று ஆசிரியை உறுதி சொல்லியிருக்கிறார்.