எரு எங்கிருந்து வந்தது

தக்காளிச் செடியின் நுனியை டீச்சர் இரண்டு விரலால் நிமிர்த்திப் பிடித்தாள். விட்டதும் அது மறுபடி உள்பக்கமாகச் சுருண்டுகொண்டது.

"இது வெயில் இல்ல," என்றாள். "பூச்சியும் இல்ல."

அவளைச் சுற்றி ஏழு பேர் நின்றார்கள். பயிற்சிக்குச் சேர்ந்தது எட்டுப் பேர். நர்ஸம்மா மட்டும் அன்று லீவு. அரை ஏக்கர் நிலம், ஆளுக்கு ஒரு முப்பதடிப் பாத்தி, பன்னிரண்டு வாரம். மண்ணைக் கிளறாமல், மேலே எருவும் காய்ந்த இலைதழை மூடாக்கும் போட்டு, மண்ணுக்குள் இருக்கிற உயிர்களையே வேலை செய்ய விட்டுக் காய்கறி விளைவிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள வந்தவர்கள். ஒருவரும் அதற்கு முன் மண்வெட்டி பிடித்ததில்லை. சொல்லித்தருகிறவளுக்கு வயது இருபத்தெட்டு. கற்றுக்கொள்கிறவர்களில் அவளைவிடச் சின்னவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் அவள் டீச்சர்.

எட்டுப் பாத்தியிலும் அதே கதை. தக்காளி, பீன்ஸ், மிளகாய், எல்லாவற்றிலும் கொழுந்து இலை குறுகி, நாடா மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது.

"களைக்கொல்லி பட்டா இப்படித்தான் ஆகும்," என்றாள் டீச்சர்.

"போன வாரம் வேப்பெண்ணெய் அடிச்சோமே, அந்த ஸ்பிரேயர் யாரோடது?" என்று வெல்டர் கேட்டார். அவருக்கு எதையும் மெதுவாகக் கேட்கத் தெரியாது.

எல்லாரும் தையல்காரரைப் பார்த்தார்கள்.

"என்னோடதுதான்," என்றார் தையல்காரர். "வீட்ல இருந்து கொண்டுவந்தேன்."

"வீட்ல அதுல என்ன அடிப்பீங்க?"

"வாசல்ல முளைக்கிற புல்லுக்கு எப்பவோ ஒரு தடவை மருந்து அடிச்சேன். கழுவிட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன். சோப்பு போட்டு மூணு தடவை கழுவினேன்."

"நல்லாக் கழுவினீங்க போங்க," என்றார் வெல்டர்.

தையல்காரர் யாரோடும் அதிகம் பேசாதவர். நூல் பிடித்த மாதிரி நேராக நாற்று நடுவார். அதுதான் அவர் பேச்சு. இப்போது அவர் கையுறைகளை ஒவ்வொரு விரலாகக் கழற்றி, மடித்து, பைக்குள் வைத்தார். சாப்பாட்டு டப்பாவையும் உள்ளே வைத்தார். நாளைக்கு வரமாட்டார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஒருவரும் தடுக்கவில்லை.

டிரைவர் கடைசியில் நின்றிருந்தார்.

இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். பயிற்சியில் அவர்தான் கடைசி பெஞ்சு. அவர் போட்ட பாத்தி பாம்பு மாதிரி வளைந்திருந்தது. விதைத்த கேரட்டில் பாதிதான் முளைத்தது. 'வளைவுல ஹாரன் அடிங்க சார்' என்று வெல்டர் கேலி செய்வார். அப்படி இருந்தவர் ஒரே நாளில் பெரிய மனிதரானது எருவால்தான். மனைவியின் தம்பிக்கு மாட்டுப்பண்ணை. அங்கிருந்து ஒரு வண்டி எரு, காசில்லாமல் கொண்டுவந்து இறக்கினார். அன்றைக்கு எல்லாரும் கைதட்டினார்கள்.

டீச்சர் அப்போதே சொல்லியிருந்தாள்: "மாடு தின்ன புல்லுக்கு யாராவது களைக்கொல்லி அடிச்சிருந்தா, அது சாணி வழியா எருவுல வந்துடும். உங்க மச்சான்கிட்ட கேட்டுடுங்க. எருவும் மண்ணும் கலந்து மூணு தொட்டி, வெறும் மண்ணுல மூணு தொட்டி, ரெண்டுலயும் பீன்ஸ் போட்டு மூணு வாரம் பாருங்க. அப்புறம் பரப்பலாம்."

மச்சானிடம் அவர் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. எருவையே மனைவி சொல்லித்தான் வாங்கியது. கேட்டால், 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கறீங்களா' என்பான். தொட்டிகளை மட்டும் வைத்தார். எரு கலந்த மூன்றில் இரண்டில் பீன்ஸ் இலை சுருண்டது. தண்ணீர் பத்தவில்லை என்று சொல்லிக்கொண்டு அவற்றைக் கொல்லையில் கவிழ்த்துவிட்டு, மறுநாள் வந்து, 'எல்லாம் ஜோரா முளைச்சிருக்கு டீச்சர்' என்றார். அடுத்த வாரம் எட்டுப் பாத்தியிலும் அந்த எருவைப் பரப்பினார்கள்.

"எருவுல குறை இல்ல," என்று டீச்சர் இப்போது சொல்லிக்கொண்டிருந்தாள். "டிரைவர் சார் அதைச் சோதிச்சுப் பாத்துட்டார். அதனால மிச்ச எருவை நாளைக்குக் கீழே புதுசா எடுக்கற பாத்திக்குப் போடலாம். நர்ஸம்மாவும் நேத்து இருபது மூட்டை எடுத்துட்டுப் போனாங்க. இன்னிக்கு அவங்க நிலத்துல நடவு."

தையல்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

"ஸ்பிரேயர் இல்ல டீச்சர்," என்றார் டிரைவர். "எருதான்."

தையல்காரர் நின்றார்.

"சோதிச்சுப் பாத்தேன்னு சொன்னீங்களே?" என்றாள் டீச்சர்.

"பாத்தேன். ரெண்டு தொட்டில இலை இப்படியேதான் சுருண்டுச்சு. தண்ணி பத்தலன்னு நினைச்சேன்." நிறுத்தினார். "இல்ல. நினைக்கல. அப்படிச் சொல்லிக்கிட்டேன்."

"மச்சான்கிட்ட?"

"கேக்கவே இல்ல."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கீங்களே!" என்றார் வெல்டர்.

டீச்சர் அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தாள். நர்ஸம்மாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

"எரு மேல கிடக்கிற வரைக்கும் வழிச்சு எடுத்துடலாம்," என்றாள். "தண்ணி விட்டுட்டாங்கன்னா மருந்து மண்ணுக்குள்ள இறங்கிடும். அப்புறம் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. வீடு யாருக்குத் தெரியும்?"

தெரிந்தது டிரைவருக்கு மட்டும்தான். மூட்டைகளைக் கொண்டுபோய் இறக்கியதே அவர்தான். அவர் தன் சின்ன லோடு வண்டியைக் கிளப்பியபோது பக்கத்துக் கதவு திறந்தது. தையல்காரர் ஏறி உட்கார்ந்தார். மடியில் பை.

தையல்காரர் நர்ஸம்மாவுக்கு விடாமல் போன் போட்டுக்கொண்டே இருந்தார். ஸ்பீக்கரில் மணி அடிப்பது கேட்கும், நிற்கும், மறுபடி அடிக்கும். ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் நான்கு லாரி. ரயில் வருகிற சத்தமே இல்லை.

"நான் பையை எடுக்கற வரைக்கும் நின்னுட்டுதானே இருந்தீங்க," என்றார் தையல்காரர், முன்கண்ணாடியைப் பார்த்தபடி.

"ஆமா."

"நர்ஸம்மா பேச்சு வரலன்னா சொல்லியிருப்பீங்களா?"

டிரைவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். "தெரியல. பொய் சொல்ல வேண்டாம்னு பாக்கறேன். நிஜமாவே தெரியல."

தையல்காரர் மறுபடி எண்ணை அழுத்தினார். கேட் மெதுவாக மேலே போயிற்று.

நர்ஸம்மாவின் வீட்டுக்குப் பின்னால் இருந்தது அந்தத் துண்டு நிலம். வண்டி நிற்பதற்குள் மோட்டார் சத்தம் கேட்டது. டிரைவர் சாவியைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடினார். எட்டு வரிசையிலும் கறுப்பாக எரு. அதன் நடுவே அன்றுதான் நட்ட நாற்றுகள். நர்ஸம்மாவின் கணவர் ரப்பர் ஹோஸோடு முதல் வரிசையை முடித்துவிட்டு இரண்டாவதுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"தண்ணி விடாதீங்க! நிறுத்துங்க!"

மோட்டார் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. டிரைவர் பாய்ந்துபோய் ஹோஸைப் பிடித்து, இரண்டாக மடக்கி நெரித்தார். நெரித்த இடத்தில் தண்ணீர் பீய்ச்சி அவர் முகத்தில் அடித்தது. விடவில்லை. தையல்காரர் சுவரோரம் ஓடிப்போய் சுவிட்சைத் தேடி அணைத்தார்.

திடீரென்று அமைதி. கடைசி வரிசையில் குனிந்திருந்த நர்ஸம்மா கையில் மிளகாய் நாற்றோடு நிமிர்ந்தார்.

"டிரைவர் சார்? என்ன ஆச்சு? யாருக்காவது ஏதாவதா?"

அவர் சொன்னார். நனைந்த சட்டையோடு, ஹோஸை இன்னும் கையில் பிடித்தபடியே, எதையும் விடாமல் சொன்னார். நர்ஸம்மா குறுக்கே பேசவில்லை. நோயாளியின் சொந்தக்காரர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பது போல நின்றார். பிறகு கேட்டார்:

"எப்போலேர்ந்து தெரியும்?"

"பரப்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே."

"அப்போ நேத்து எனக்கு மூட்டை இறக்கும்போது தெரியும்."

"தெரியும்."

"நீங்கதான் தோள்ல தூக்கிட்டு வந்து வச்சீங்க. தங்கமான எரு அம்மான்னு சொன்னீங்க."

கணவர் ஏதோ கத்த வாயெடுத்தார். நர்ஸம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். "அப்புறம் கத்தலாம். இப்போ என்ன செய்யணும்னு சொல்லுங்க."

தையல்காரர் டீச்சருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நாற்றை எல்லாம் மெல்லக் கிளப்பி, வேரை வாளித் தண்ணீரில் அலசி, குழித்தட்டில் புது மண்ணில் வைக்க வேண்டும். எருவை வழித்து, அதோடு மேல்மண்ணையும் இரண்டு விரல் கனத்துக்கு எடுத்து மூட்டை கட்ட வேண்டும். நனைந்த வரிசையைத் தொட வேண்டாம். அது போனது போனதுதான்.

நான்கு பேரும் மண்டியிட்டார்கள். முந்நூறு நாற்று. நர்ஸம்மா அவற்றை இரண்டு மாதம் மாடியில் வைத்து வளர்த்திருந்தார். இப்போது ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அலசி, நீட்டினார். தையல்காரர் வாங்கித் தட்டில் வைத்தார். டிரைவரிடம் எதையும் கொடுக்கவில்லை. அவர் தகரத் துண்டால் எருவை வழித்துக்கொண்டே போனார். நான்காவது வரிசையில் முழங்கால் மரத்துப்போனது. ஐந்தாவதில் உள்ளங்கை கிழிந்தது. நிறுத்தினால் எழ முடியாது என்று தோன்றியதால் நிறுத்தவில்லை. வெயில் சாய்ந்தபோது கடைசி மூட்டையைக் கட்டினார்கள். யாரும் அவருக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் மச்சானின் பண்ணைக்கே போனார். மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு அது. மச்சான் முதலில் எகிறினான். பிறகு, அந்த வருஷம் காய்ந்த புல்லை வெளியிலிருந்து வாங்கியதாகவும், என்ன அடித்தார்கள் என்று தானும் கேட்கவில்லை என்றும் சொன்னான். அதே குவியலில் எரு வாங்கிய இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஐந்து பேருக்கும் போன் செய்தார்கள். இரண்டு பேர் கண்டபடி திட்டினார்கள்.

அடுத்த வகுப்புக்கு, வெளியே போகச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துத்தான் டிரைவர் வந்தார். டீச்சர் அப்படி எதுவும் சொல்லவில்லை. மீதி எருவைத் தார்ப்பாய் போட்டு மூடி, 'தொடாதே' என்று பலகை எழுதி வைக்கச் சொன்னாள். தையல்காரரிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாள். வெல்டரும் கேட்டார், அவருக்கு அது கஷ்டமாக இருந்தது தெரிந்தது. எட்டுப் பாத்தியிலும் செடிகளைப் பிடுங்கினார்கள். அந்த மருந்து புல் வகையை ஒன்றும் செய்யாது, மக்காச்சோளம் தாங்கும், மண் தேறுகிற வரைக்கும் அதுதான் என்றாள் டீச்சர். பன்னிரண்டு வாரத்தில் அவர்கள் சாப்பிட நினைத்த தக்காளி அதோடு முடிந்தது.

நர்ஸம்மா தாமதமாக வந்தார். அலசி வைத்த நாற்றில் முக்கால்வாசி பிழைத்திருக்கிறது என்று டீச்சரிடம் சொன்னார். டிரைவர் இருந்த பக்கம் திரும்பவில்லை.

விதைப்புக்கு நேர்கோடு பிடிக்க வேண்டியிருந்தது. நர்ஸம்மா கயிற்றை எடுத்து ஒரு முனையில் குச்சி அடித்தார். மறுமுனைக்கு ஆள் தேடினார். தையல்காரர் விதை எண்ணிக்கொண்டிருந்தார். வெல்டர் தார்ப்பாய்க்குக் கல் வைக்கப் போயிருந்தார்.

கொஞ்ச நேரம் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "டிரைவர் சார்," என்றார். "அந்தப் பக்கம் பிடிங்க."

அவர் போய்ப் பிடித்தார்.

"தொய்வா இருக்கு. இன்னும் இழுங்க."

இழுத்தார். கயிறு விண்ணென்று நின்றது. நர்ஸம்மா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அதன் நேரைப் பார்த்தார்.