அண்ணன் ஒளித்து வைக்காத நட்சத்திரம்

1

மறைப்பானேன், இந்தக் கதை ஒரு மோசடியிலிருந்து பிறந்தது. வெடிக்கும் நட்சத்திரங்களிலிருந்து வரும் ஈர்ப்பலைகளை, அதாவது விண்வெளியையே லேசாகக் குலுக்கும் அதிர்வுகளை, தேடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டாம். தேடுகிறவர்கள் அசந்துவிடாமலிருக்க, கூட இருப்பவர்களிலேயே ஒருவர் யாருக்கும் சொல்லாமல் பொய் அலையொன்றைக் கருவிக்குள் நுழைத்துவிடுவார். கண்டுபிடிக்கிறார்களா என்று பார்ப்பார். இதைக் கேட்டதும் எனக்குத் தோன்றியது: அடப்பாவமே, அந்த ஆள் பொசுக்கென்று செத்துப்போனால்?

2

முதல் தொடக்கம்: 'பிரபஞ்சம் மௌனமாக இருந்தது. அவளும்...' (வேண்டாம். மௌனம் என்று எழுதினாலே எனக்குக் கொட்டாவி வருகிறது.)

சரி, இப்படி. பொய் நுழைப்பவன் அண்ணன். தேடுபவள் தங்கை. (ஒரே ஆய்வுக்கூடத்தில் இரண்டு பேரையும் விடுவார்களா என்று கேட்காதீர்கள். கதை என்னுடையது.) அவனுடைய பொய் அலைகள் எழும்பி, நடுவில் கொஞ்சம் நின்று, பிறகு ஓடும். சின்ன வயதில் அவளை ஏமாற்றும்போது சிரிப்பை அடக்கிக்கொள்வானே, அதே மாதிரி. ஒவ்வொரு முறையும், "மாட்டினியா?" என்று அவன் மேசைக்கு ஓடுவாள்.

அப்புறம் அவனை மாரடைப்பில் சாகடித்தேன். பொய் நுழைக்கும் இயந்திரத்தையும் கழற்றிவிட்டார்கள்.

3

பட்டப்பகல். ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் இருக்கும் இரண்டு கருவிகளிலும் ஒரே அலை. எழும்பியது, நின்றது, ஓடியது. அவள் பழக்கதோஷத்தில் அண்ணன் மேசைப் பக்கம் திரும்பினாள்.

நட்சத்திரம் வெடித்திருந்தால் நியூட்ரினோத் துகள்களும் கூடவே வந்திருக்க வேண்டும். அவற்றைப் பிடிக்கும் கூடத்துக்குப் போன் போட்டாள். "இங்க ஒண்ணுமே வரலையேம்மா" என்றார்கள். இயந்திரம் இருந்த இடத்தைப் போய்ப் பார்த்தாள். வெறும் மேசை. நட்சத்திரமும் இல்லை, பொய்யும் இல்லை.

"இரைச்சல்னு போட்டுடும்மா. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடு" என்றார் குழுத்தலைவர்.

இரைச்சல் என்று, அதாவது கருவியின் வெறும் கரகரப்பு என்று போட்டால் அந்தத் துண்டை வெட்டி ஒதுக்கிவிடுவார்கள். அண்ணன் கடைசியாகச் செய்த குறும்பு இதுவாக இருந்தால்? அவளுக்குக் கை வரவில்லை. அண்ணனை இன்னொரு தடவை தூக்கிக் கொடுக்க அவளால் முடியாது.

4

அலையை ஒலியாக மாற்றி, அண்ணியை வரவழைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டாள்.

"அண்ணி, நல்லாக் கேளுங்க. அண்ணன்தானே?"

அண்ணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். முகம் வெளிறிவிட்டது.

"அவர் இல்லடி."

"எப்படிச் சொல்றீங்க?"

"அவரால சிரிப்பைக் கடைசிவரைக்கும் அடக்கவே முடியாது. கூடவே வாழ்ந்தவ, எனக்குத் தெரியாதா? இதுல சிரிப்பே வரலையே. யாரோ அவரை மாதிரி பண்றாங்க. அவரைச் சரியாத் தெரியாத யாரோ."

5

எனக்கு வியர்த்துவிட்டது. அவனைச் சரியாகத் தெரியாதவன் நான்தான். ஒரு தயக்கம், ஒரு மாரடைப்பு, அவ்வளவுதான் அவனுக்கு நான் கொடுத்தது. அவன் சிரித்துவிடுவான் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. சத்தியமாக. அண்ணி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

முடிவு அ: இரைச்சல் என்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறாள். (எழுதினேன். திரும்பிப் பார்த்தால் அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.)

முடிவு ஆ: நட்சத்திரம் என்று உலகத்துக்கு அறிவித்து, பிறகு...

அவள் ஹெட்போனைத் தன் காதில் மாட்டிக்கொண்டாள். திரையைப் பார்க்கவில்லை. இந்தப் பக்கம் பார்த்தாள்.

"யாரு அது? எங்க அண்ணனை என்ன பண்ணீங்க?"

இதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதினாலும் அது அவள் காதில் விழும் என்று பயமாக இருக்கிறது. இனி நீங்கள்தான் அவளிடம் பேச வேண்டும். பொழுது சாய்கிறது, அவள் அசையாமல் காத்திருக்கிறாள். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். தயவுசெய்து சிரித்து மட்டும் விடாதீர்கள்.