நீலத்துக்குப் பிறகு வெள்ளை

“மேடம், இந்த ஒயரைப் புடுங்கிடவா? பொட்டிக்கு வேற பாயிண்ட் இல்ல.”

ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர் மீன்தொட்டிக்குப் பின்னால் குனிந்திருந்தார். கையில் கறுப்பு பிளக். நீரஜா கூடத்தின் குறுக்கே வேகமாகப் போனாள்.

“அதைத் தொடாதீங்கோ. அது ஓடிண்டே இருக்கணும்.”

“அப்போ பொட்டிய எதுல போடறது?”

“சமையலறைல ஃப்ரிட்ஜைப் பிடுங்கிட்டு அதுல போடுங்கோ.”

அவர் தொட்டியைப் பார்த்தார். கூடத்தின் நடுவில் கிடத்தியிருந்த சாய்நாத்தைப் பார்த்தார்.

“மீனு ஓடணும், ஃப்ரிட்ஜு நிக்கணும். சரி, நமக்கு இன்னா.”

சமையலறையிலிருந்து கூடம்வரை ஒரு நீள ஒயர் வந்தது. வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தாண்டிக் கால் வைத்தார்கள்.

“பால் கெட்டுப்போயிடும், மன்னி,” என்றாள் மதுவந்தி. சாய்நாத்தின் தங்கை.

“கெடட்டும்.”

மணி எட்டரை. அவள் கணவர் சாய்நாத் விடியற்காலை ஐந்துக்கு அடையாறில் ஆஸ்பத்திரியில் இறந்தார். பத்தொன்பது நாள் அங்கே இருந்தார். மகன் சாய்சரண் புனேயிலிருந்து வந்துகொண்டிருந்தான். ஒரு மணிக்கு எடுத்துவிடலாம் என்று வாத்தியார் சொல்லியிருந்தார்.

நீரஜா பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்தாள். பால்கனிவரை போய்த் திரும்பினாள். யாரோ காபி கொடுத்தார்கள். வாங்கி ஜன்னலில் வைத்தாள்.

தொட்டி இப்போது இருட்டாக இருந்தது. பதினொன்றுக்கு நீல விளக்குகள் எரியும். பன்னிரண்டுக்கு வெள்ளை. மாலையில் வெள்ளை அணைந்து மறுபடி நீலம் மட்டும். எரிகிற நேரங்களைச் சாய்நாத் தன் போனில் அமைத்து வைத்திருந்தார். போனைத் திறக்க ஆறு எண்கள் வேண்டும். அவை அவளுக்குத் தெரியாது. விளக்கின் ஒயர் எது, மோட்டாரின் ஒயர் எது என்றும் தெரியாது. எல்லாம் ஒரே கறுப்பு.

பன்னிரண்டுக்குள் ஏதாவது செய்ய வேண்டும்.

நாலடித் தொட்டி. கடல்நீர், மூன்று மீன்கள், மற்றபடி பவளம். நடுப்பாறையில் இருந்ததுதான் அவருடைய பெரிய பவளம். பண்ணையில் வளர்த்த சுண்டுவிரல் துண்டாக ஆறு வருஷத்துக்கு முன் வந்தது. இப்போது இரண்டு கைகளை விரித்த அகலம், மான்கொம்பு போலக் கிளைகள். நேரில் பார்த்தால் பாசி படிந்த பழுப்பு. நீல விளக்கில், போன் கேமரா முன்னால் ஆரஞ்சுக் கண்ணாடியைப் பிடித்து எடுத்தால் பச்சையாக எரியும்.

“ஏன் இப்படிப் பொய்யா எடுக்கறேள்?” என்று ஒருமுறை கேட்டாள்.

“பொய் இல்லடி. அதுக்குள்ள இருக்கற நிறம்தான். நம்ம கண்ணு போறலை.”

பவளம் வளர்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நல்ல பவளத்தைத் தனியாக வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு கிளையை உடைத்து இன்னொருவருக்குக் கொடுப்பார்கள். தன் தொட்டியில் செத்தால் அவர் தொட்டியிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சாய்நாத் எல்லாவற்றையும் உடைத்துக் கொடுத்திருக்கிறார். இதை மட்டும் கொடுத்ததில்லை. இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்பார்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்: “தினம் தண்ணி ஆவியாகும். உப்பு ஆவியாகாது. அதனால நல்ல தண்ணி மட்டும் விடு. பால்கனில இடது பக்க டிரம்.”

பால்கனியில் இரண்டு நீல டிரம்கள் இருந்தன. ஒன்றில் நல்ல தண்ணீர். ஒன்றில் உப்புக் கலந்தது. மறுநாள் நீரஜா பால்கனியைக் கழுவினாள். டிரம்களை நகர்த்தினாள். திரும்ப வைத்தபோது இடம் மாறியது. எட்டு நாள் தினமும் காலையில் இடது பக்க டிரம்மிலிருந்து இரண்டு சொம்பு மொண்டு ஊற்றினாள். ஒன்பதாம் நாள் சொம்பு தெறித்து உதட்டில் பட்டது. உப்புக் கரித்தது.

அதற்குள் பவளத்தின் அடி வெளுத்திருந்தது.

என்ன செய்வது என்று யாரையும் கேட்க முடியவில்லை. கேட்பதற்கு இருந்தது அவருடைய வாட்ஸ்அப் குழு. கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் படித்தது அது ஒன்றைத்தான். தினமும் மாலையில் போட்டோ அனுப்பு என்பார். நீல விளக்கில், ஆரஞ்சுக் கண்ணாடி வைத்து எடுத்து அனுப்பினாள். வெளுக்க வெளுக்கப் படம் அழகாக வந்தது. அவ்வளவு பச்சை அவரே எடுத்ததில்லை. அதை அவர் குழுவில் போட்டார். நாற்பது பேர் புகழ்ந்தார்கள். கீழே எழுதினார்: வீட்டுக்கு வந்ததும் இதில் நாலு பேருக்குத் துண்டு உண்டு. நாலு பெயர்.

முந்தாநாள் மாலை அவள் கை ஈரமாக இருந்தது. மேஜைமேல் அவள் போனில் அவர் செய்தி மினுங்கியது. வெள்ளை விளக்குல ஒண்ணு எடுத்து அனுப்பு. கையைத் துடைத்துக்கொண்டு திறந்தபோது அது இல்லை. செய்தி அழிக்கப்பட்டது என்று மட்டும் இருந்தது. நேற்று பகல் முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் பேசவில்லை. சாத்துக்குடி ஜூஸ் இரண்டு ஸ்பூன் குடித்தார்.

பத்தே முக்காலுக்கு பீரோவிலிருந்து இரட்டைப் படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்துத் தொட்டிமேல் போர்த்தினாள். நாலு மூலையையும் இழுத்துவிட்டாள்.

“நல்ல காரியம் பண்ணினேள்,” என்றாள் மதுவந்தி. “அந்த நீல வெளிச்சத்துல அண்ணாவைப் பாக்க என்னமோ மாதிரி இருக்கும்.”

பதினொன்றுக்கு விரிப்பின் விளிம்பில் நீலக்கோடு விழுந்தது. அவ்வளவுதான். நீரஜா முதல்முறையாகச் சுவரில் சாய்ந்தாள்.

பதினொன்றரைக்கு அந்த நாலு பேர் வந்தார்கள். முன்னால் உமர் ஃபாரூக். தி. நகரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஆரஞ்சுக் கண்ணாடியை வெட்டித் தந்தவர் அவர்தான். அடுத்து நங்கநல்லூர் அம்பி. மற்ற இருவரை அவள் பார்த்ததில்லை. மாலை போட்டார்கள். கை கட்டி நின்றார்கள். ஃபாரூக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்பிதான் திரும்பினார்.

“ஐயோ மாமி! மேல மூடப்படாது. சூடு ஏறிடும். உள்ள இருக்கறதெல்லாம் போயிடும்.”

“இருக்கட்டும்.”

“இருக்கட்டுமாவது. சார் உசிரை விட்டு வளர்த்திருக்கார்.”

விரிப்பை ஒரே இழுப்பில் எடுத்தார். மடித்து நாற்காலியில் வைத்தார். கூடம் நீலமாயிற்று. சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் அங்கே பார்த்தார்கள். நாலு பேரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிப் பக்கம் நகர்ந்தார்கள். பெட்டிக்கு முதுகு காட்டக்கூடாதே என்று பக்கவாட்டில் நின்றார்கள்.

நீலத்தில் கிளை நுனிகள் மட்டும் பச்சையாக மின்னின.

“போட்டோல இன்னும் கொஞ்சம்...” என்றார் ஒருவர்.

“அது கேமரா ஓய்,” என்றார் அம்பி. “ஒயிட் வரட்டும். அப்பத்தான் நிஜம் தெரியும்.”

ஃபாரூக் குனிந்து பவளத்தின் அடியைப் பார்த்தார். நிமிர்ந்து நீரஜாவைப் பார்த்தார். பார்வையை எடுத்துக்கொண்டார்.

நீரஜா அம்பியிடம் போனாள். “அந்த வெள்ளை லைட்டை எரியவிடாம நிறுத்த முடியுமா?”

“அது சார் போன்ல இருக்கும் மாமி. ஏன்? எரியட்டுமே. நாங்களும் ஒரு தரம் கண்ணால பாத்துக்கறோம்.”

பதினொன்று ஐம்பதுக்குச் சாய்சரண் வந்தான். முதுகுப் பையோடு பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தான். கண்ணாடி மூடிமேல் கையை வைத்துக்கொண்டான். அழவில்லை. நீரஜா அவன் தோளைத் தொட்டாள்.

“அப்பா போனைத் திறக்கற நம்பர் உனக்குத் தெரியுமோ?”

அவன் அவளைப் பார்த்தான். “எதுக்கும்மா இப்போ?”

“தெரியுமா, தெரியாதா?”

“தெரியாது. எதுக்கு?”

“ஒண்ணுமில்லை. நீ போய்க் குளி. வாத்தியார் காத்துண்டிருக்கார்.”

ஈர வேஷ்டியோடு அவன் வந்து உட்கார்ந்தபோது பன்னிரண்டு தாண்டியிருந்தது. வாத்தியார் தர்ப்பையைக் கொடுத்தார். மந்திரம் தொடங்கியது. சாய்சரணுக்கு நேர் எதிரில் தொட்டி.

வெள்ளை விளக்கு ஒரேயடியாக எரியாது. கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு மெல்ல ஏறும். சூரியன் மேலே வருகிற மாதிரி இருக்க வேண்டும் என்று சாய்நாத் அப்படி வைத்திருந்தார். நீரஜா சுவரோரம் நின்று பார்த்தாள். முதலில் மணல் தெரிந்தது. பிறகு பாறை. நீலம் மெல்லக் கரைந்தது. கிளைகள் வெளியே வந்தன. சுண்ணாம்பு வெள்ளை. அடிப்பக்கம் பழுப்பாக வழவழப்பு. நுனிகளில் இருந்த பச்சையும் போய்விட்டது.

அம்பியின் வாய் திறந்தது. பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். பார்க்காமலே திரும்ப வைத்தார். மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

சாய்சரண் தலையைத் தூக்கினான். “அம்மா, அது...”

“இங்க பாருங்கோ,” என்றார் வாத்தியார். “எள்ளை எடுத்துக்கோங்கோ.”

அவன் எள்ளை எடுத்தான்.

பெட்டியைத் திறந்தார்கள். பெண்கள் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டார்கள். நீரஜாவின் முறை வந்தது. வெள்ளை வெளிச்சம் சாய்நாத்தின் முகத்தில் விழுந்திருந்தது. தாடை ஒட்டியிருந்தது. சவரம் செய்யாத மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. அவள் கையிலிருந்த அரிசி பாதி வெளியே சிதறியது. மதுவந்தி பொறுக்கித் திரும்ப அவள் கையில் கொடுத்தாள்.

ஒரு மணிக்குத் தூக்கினார்கள். படியில் திரும்பும்போது ஒருமுறை இடித்தது. “பாத்து, பாத்து,” என்றது யாருடைய குரலோ. அம்பி செருப்பைத் தேடிக்கொண்டே அவளிடம் வந்தார்.

“இவ்வளவு கஷ்டத்துலயும் நன்னா பாத்துண்டிருக்கேள் மாமி.”

அவள் தலையை அசைத்தாள். அவர் இறங்கிப் போனார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

மதுவந்தி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கூடத்தில் ஊற்றினாள். ஐஸ் பெட்டிக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டு கால்களைத் தூக்கித் தூக்கி நடந்தார். வாசலில் ஃபாரூக் இன்னும் நின்றிருந்தார்.

“நீங்க போகலையா?” என்றாள் நீரஜா.

“பின்னாலயே பைக்ல போறேன் மாமி. ஒரே நிமிசம். தண்ணிய ஒருவாட்டி பாத்துக்கறேன்.”

தொட்டிக்குக் கீழே இழுப்பறையில் எது இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு சாண் நீளக் குழல். அதன் கண்ணாடியில் தொட்டித் தண்ணீரை ஒரு சொட்டு விட்டு, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

“உப்பு நாப்பது கீது. முப்பத்தஞ்சு இருக்கணும்.”

“டிரம் மாறிடுத்து,” என்றாள் நீரஜா. “நான்தான். எட்டு நாள்.”

மதுவந்தி துடைப்பத்தை நிறுத்தினாள். பிறகு சமையலறைக்குள் போய்விட்டாள்.

“யாராண்டயாவது கேட்டிருக்கலாமே மாமி.”

“யார்கிட்ட கேட்டாலும் அவர் படிப்பாரே.”

ஃபாரூக் குழலின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். “எனக்கு போட்டோ பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. சாகப்போற பவளம் நீல லைட்டுல அப்டித்தான் எரியும்.”

“அப்புறம் ஏன் சூப்பர்னு போட்டேள்?”

“ஆஸ்பத்திரில படுத்துக்கினு கீற மனுசன் போட்ட போட்டோ. வேற இன்னா போடுவேன்?”

தொட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அவருக்கும் தெரிஞ்சிருக்குமோ?”

துடைத்த கண்ணாடியை அவர் மறுபடி துடைத்தார்.

“நான் சாராண்ட கத்துக்கினவன் மாமி.”

தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. நீரஜா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவிழ்த்தாள். மறுபடி செருகினாள்.

“இது போச்சு,” என்றார் ஃபாரூக். “மத்தது கீது. மீன் கீது. நல்ல தண்ணி எந்த டிரம்?”

“இப்போ வலது.”

“ஒரு டம்ளர் தொட்டித் தண்ணிய எடுத்துக் கொட்டுங்க. நல்ல தண்ணி ஒரு டம்ளர் வுடுங்க. கால் மணி கழிச்சு இன்னொண்ணு. அவ்ளோதான். சட்டுனு இறக்கினா இருக்கறதும் போய்டும்.”

“எத்தனை நாள்?”

“நாலு நாளு. அவசரப்படாதீங்க.”

குழலை இழுப்பறையில் வைத்துவிட்டு, ஈரத்தில் வழுக்காமல் சுவரைப் பிடித்தபடி வெளியே போனார். பைக் இரண்டு உதையில் கிளம்பியது.

நீரஜா சமையலறையிலிருந்து எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்துவந்தாள். தொட்டியில் முக்கி எடுத்துப் பால்கனிச் சாக்கடையில் கொட்டினாள். வலது டிரம்மிலிருந்து மொண்டு ஊற்றினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று முப்பத்திரண்டு.

“மன்னி, தலைக்கு விட்டுக்கோங்கோ,” மதுவந்தி குளியலறையிலிருந்து கூப்பிட்டாள். “வெந்நீர் ஆறிடறது.”

“நீ முதல்ல குளி.”

“உங்களுக்கப்புறம்தான் நாங்க எல்லாரும்.”

“கால் மணி ஆகணும்.”

“எதுக்குக் கால் மணி?”

நீரஜா அடுத்த டம்ளரை நிரப்பிக்கொண்டு வந்து, கழுவின தரையில் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இன்னும் பதின்மூன்று நிமிஷம் இருந்தது.