ஒன்பது மணிக்குப் படகு அறுபடும்

மணி எட்டு ஐம்பது. இன்னும் பத்து நிமிடத்தில் படகை அறுக்க ஆள் வந்துவிடும்.

மோட்டார் கொட்டகையிலிருந்து ஒன்றும் தெரியாதவன்போல வெளியே வந்தான் செல்லதுரை. சட்டைப் பையில் ப்யூஸ் கட்டை கனத்தது. கரண்ட் இல்லாமல் எந்த மிஷினும் ஓடாது. ஒரே ஒரு நாள் தள்ளிப்போனால் போதும், மனைவி மலர்க்கொடியின் மனதை மாற்றிவிடலாம் என்பது அவன் திட்டம்.

இரண்டு மாதமாக மாறாத மனது அது.

அவன் பம்புசெட் மெக்கானிக். முத்துப்பேட்டையில் ஒருவர் வீட்டு வாசலில் கிடந்த பழைய பைபர் படகையும், அதன் பின்னால் தொங்கிய இன்ஜினையும் பார்த்ததும் கை அரித்தது. வாங்கி டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். நெல் விளையும் ஊரில் படகு எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம், "கிடக்கட்டுமே" என்பதுதான் பதில்.

போன ஆடிப்பெருக்கன்று அதைக் கோரையாற்றில் இறக்கினான். மலர்க்கொடி பட்டுப்புடவையோடு முனையில் நின்று கற்பூரம் காட்டினாள். கற்பூரம் அணைவதற்குள் படகு முழுகிவிட்டது. கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் தட்டோடு நின்றவளை ஊரே செல்போனில் பிடித்தது.

அன்றிலிருந்து படகு களத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. அடுத்த வாரம் குறுவை அறுப்பு. நெல் காயவைக்கக் களம் வேண்டும்.

"நெல்லை உங்க தலைமேலயா காயப் போடுறது?" என்று கேட்டுவிட்டு மலர்க்கொடியே போன் போட்டு ஆளை வரச்சொன்னாள்.

ஆள் வந்தே விட்டார். யூனுஸ். அதிராம்பட்டினத்தில் பைபர் படகு வேலை பார்ப்பவர். மொபெட்டிலிருந்து அறுக்கும் மிஷினை இறக்கிவிட்டுப் படகை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அக்கா, அறுத்துடலாம். ஆனா வர்றதெல்லாம் குப்பைதான். பைபர் மக்காது. காயலான் கடைக்காரன்கூடத் தொடமாட்டான்."

"களம் காலியாகும்ல? அறுங்க பாய்."

யூனுஸ் மோட்டார் கொட்டகையிலிருந்து களத்துக்கு இழுத்திருந்த பிளக்கில் ஒயரைச் சொருகி சுவிட்சைத் தட்டினார். சத்தமே இல்லை.

"அச்சச்சோ! கரண்ட் போயிடுச்சா?" என்றான் செல்லதுரை. கொஞ்சம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டான்.

பக்கத்து வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. மலர்க்கொடி அதைக் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு கையை நீட்டினாள்.

"குடுங்க."

"எதை?"

"பையில துருத்திக்கிட்டு இருக்கே, அதை."

முடிந்தது. ப்யூஸ் கட்டை கைமாறியது. அதோடு அவள் வரப்பில் ஏறி மோட்டார் கொட்டகையை நோக்கி நடந்தாள். நாற்பது அடி. முப்பது அடி. வரப்பின் இரண்டு பக்கமும் அவள் வயலில் பெண்கள் குனிந்து சம்பா நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள்.

பொத்தென்று அவள் காலடியில் ஒரு நாற்று முடிச்சு விழுந்தது.

மலர்க்கொடி நின்றாள். நின்றுதான் ஆக வேண்டும். நிலத்துக்காரர் காலடியில் நாற்று முடிச்சைப் போட்டு மறித்தால், நடவுக்காரர்கள் கேட்டதைக் கொடுத்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். அந்த ஊரில் கொடுக்காமல் தாண்டியவர் இல்லை. வழக்கமாகக் கேட்பது டீயும் வடையும். மிஞ்சிப்போனால் ஆளுக்கொரு ஜாக்கெட் துணி.

முடிச்சைப் போட்டது அம்சம். நடவு கோஷ்டியின் தலைவி.

"இன்னிக்கு என்னக்கா அவசரம்? சரி, கேளு. எதுன்னாலும் தர்றேன்," என்றாள் மலர்க்கொடி.

"எதுன்னாலுமா?"

"நான் என்னைக்குச் சொல்லு மாறியிருக்கேன்?"

அம்சம் நிமிர்ந்தாள். சேற்றுக் கையை நீட்டிக் களத்தைக் காட்டினாள்.

"அதைக் குடு."

"படகையா? அது முழுகும்க்கா! நான் முழுகினப்ப நீதான் பார்த்தியே!"

"பார்த்தேன். என் போன்ல இருக்கு."

வயல் முழுக்கச் சிரித்தது. அம்சம் சிரிக்கவில்லை.

"மலரு, எங்க தெரு எங்க இருக்கு? அந்தா, ஆத்துக்கு அந்தாண்ட. கூப்பிட்டா கேக்கும். மூங்கில் பாலம் அடிச்சிக்கிட்டுப் போனதுலேர்ந்து மதகைச் சுத்தி முக்கா மணி நேரம் நடந்து வர்றோம். வந்து சேர்றதுக்குள்ளயே பாதி உசுரு போயிடுது. அஞ்சு நிமிஷத்துல தாண்ட ஒரு வழியை வச்சிக்கிட்டு அறுக்குறேங்குறியே!"

மலர்க்கொடி குனிந்து முடிச்சைப் பார்த்தாள். கையிலிருந்த ப்யூஸ் கட்டையைப் பார்த்தாள். களத்திலிருந்து செல்லதுரை வரப்பேறி அவளிடம் வந்தான்.

"பாய்!" என்று கத்தினாள். "அந்த ஓட்டையை அடைக்க முடியுமா?"

யூனுஸ் அதற்குள் படகின் அடியில் கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். "ஒரு முழம் விரிசல்க்கா. தேய்ச்சுட்டு, வண்டியில இருக்குற பைபர் துணியை வச்சு ரெசின் பூசினா, இந்த வெயிலுக்குச் சாயங்காலத்துக்குள்ள கல்லு மாதிரி ஆயிடும். ஆமா, இதுக்கு முன்னாடி யாரு அடைச்சது? சைக்கிள் டியூப் ஒட்டியிருக்கு!"

செல்லதுரை ஆற்றுப் பக்கம் பார்த்தான். "பஞ்சர் பசைதான் போட்டேன். டிராக்டர் டயருக்கே நிக்குதே..."

யூனுஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தேய்க்கக் கரண்ட் வேணும்ல?" மலர்க்கொடி கணவனிடம் கட்டையை நீட்டினாள். "நீங்களே போய் மாட்டிட்டு வாங்க."

அவன் ஓடினான். நான்கு எட்டு வைத்திருப்பான். பொத்தென்று இன்னொரு முடிச்சு.

"நில்லு தம்பி," என்றாள் அம்சம். "நாளையிலேர்ந்து காலையில ஆறு மணிக்கு எங்க துறையில படகு நிக்கணும். ஓட்டுறது நீ."

எட்டு மணிக்கு முன்னால் எழுந்து பழக்கமில்லாத மனிதன் அவன். "ஆறா? ஒரு ஏழரைன்னு வச்சிக்கலாமே..."

"அஞ்சே முக்கால்," என்றாள் மலர்க்கொடி. "நான் எழுப்பிவிடுறேன்."

மாலை ஐந்து மணி. நடவு முடித்த பெண்களே படகைத் தூக்கி டிராக்டரில் ஏற்றினார்கள், ஆற்றில் இறக்கினார்கள், பதினோரு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். செல்லதுரை பழுது பார்த்து வைத்திருந்த இன்ஜினை மாட்டிக் கயிற்றை இழுத்தான். இன்ஜின் இருமியது. மறுபடி இழுத்தான். புகை. மூன்றாவது இழுப்பில் படபடவென்று பிடித்துக்கொண்டது. கரையிலிருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன.

கற்பூரத் தட்டோடு மலர்க்கொடி பத்தடி தள்ளி நின்றாள்.

"ஏறு மலரு."

"நான் இங்கேருந்தே காட்டிக்கிறேன்க்கா."

அம்சம் செல்போனை எடுத்து உயர்த்தினாள்.

"அது எதுக்கு?"

"பழசை அழிக்கணும்னா புதுசு ஒண்ணு வேணும்ல?"

மலர்க்கொடி ஒரு கணம் யோசித்தாள். புடவையை முழங்கால்வரை தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறினாள்.

நடு ஆறு. பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் இறைத்துக் கூச்சல் போட்டார்கள். மலர்க்கொடி மட்டும் யாரும் பார்க்காதபோது குனிந்து, பலகைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். கையை வெளியே எடுத்துப் பார்த்தாள். ஈரமில்லை.

பின்னால் திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா உங்க இன்ஜின்? கொஞ்சம் வேகமாத்தான் விடுங்களேன்!"