அண்ணிக்கு ஒரு நைட்டி

"வயித்தை எக்காதீங்க அண்ணி. நான் என்ன போட்டோவா எடுக்கிறேன்?"

"எக்கலடி. எப்பவும் போலத்தான் நிக்கிறேன்."

"எப்பவும் போல நிக்கிற ஆளு மூச்சு விடுவாங்க. நீங்க விடல."

அண்ணி மூச்சை விட்டாள். இடுப்பைச் சுற்றியிருந்த டேப் கொஞ்சம் நகர்ந்தது. டேப்பைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. பிறகு ஒன்றும் நடக்காதது போல டேப்பை உருவிக் கழுத்தில் போட்டுக்கொண்டது.

கைக்குச் சொந்தக்காரி நாத்தனார், அண்ணியின் கணவனுக்குத் தங்கை. சின்ன வயதில் குச்சி மாதிரி இருந்தாள், பேச்சும் சுருக்கென்று தைக்கும். அதனால் அவளுடைய அண்ணன் ஊசி என்று கூப்பிட ஆரம்பித்தான். அவள் தையல் கடையே வைத்துவிட்ட பிறகு அந்தப் பெயரை மாற்ற யாராலும் முடியவில்லை. சலவைக் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில் ஒற்றை அறை. அண்ணி எப்போது வந்தாலும் ஊசி மிஷினை நிறுத்தமாட்டாள். காலாலேயே முக்காலியைத் தள்ளிவிட்டு, "உக்காருங்க மகாராணி" என்பாள். இன்றைக்கும் அப்படித்தான் வரவேற்பு நடந்திருந்தது.

"தொளதொளன்னு இருக்கணும். மேலேர்ந்து கீழ வரைக்கும் முன்பக்கம் பட்டன். கடைல எல்லாம் தலை வழியா மாட்டுறதாவே இருக்கு."

"நைட்டிக்கு இவ்வளவு சட்டதிட்டமா? யாரு போட்டது?"

"ஆஸ்பத்திரில. வியாழக்கிழமை காலைல ஒரு செக்கப் இருக்கு."

"ஓ, செக்கப்" என்றாள் ஊசி. சிரிப்பை உதட்டுக்குள் அடக்கினாள். அது கன்னத்தில் வந்து நின்றது.

"கூட ஒரு ஆளு வரணுமாம். அதான் உன்னை..."

"அதுக்கென்ன இழுவை? கடைக்குப் பூட்டுப் போட்டுட்டு வர்றேன்."

"கஸ்டமருங்க?"

"ஒருநாள் கிழிஞ்சதைப் போட்டுக்கிட்டுத் திரியட்டும். செத்தா போயிடுவாங்க?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல் நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் ஊசி துணியை மேசையில் விரித்து, சாக்பீஸை எடுத்துக்கொண்டு, ஏதோ ஒரு பாட்டை முணுமுணுக்கத் தொடங்கிவிட்டாள். ஊசி பாடி அண்ணி கேட்டு வருஷக்கணக்காயிற்று. தனக்குக் கல்யாணமான புதிதில் பாடுவாள். அப்புறம் பிள்ளைக்காக டாக்டர் டாக்டராக ஏறி இறங்கியதில் பாட்டு நின்றது. ஒருநாள் அவளே, "இனிமே என் உடம்புல எவளாவது ஊசி குத்தினா, அது நான் குத்துறதாத்தான் இருக்கணும்" என்று சொல்லி எல்லாவற்றையும் நிறுத்தினாள். பாட்டு மட்டும் திரும்பி வரவில்லை.

இப்போது வந்திருந்தது. அண்ணி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

*

புதன்கிழமை சாயங்காலம் கட்டிலின் மேல் பை திறந்திருந்தது. துண்டு, நாப்கின், மாற்று உள்ளாடை, ரப்பர் செருப்பு. கிளினிக்கிலிருந்து பேசிய நர்ஸ் சொன்னதையெல்லாம் அண்ணி மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. நகை கூடாது. நகப்பூச்சைத் துடைத்துவிட வேண்டும். மயக்கம் கொடுப்பதால் கூட ஒருவர் வந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கணவன் கப்பலில் எலக்ட்ரீஷியன். கரைக்கு வர இன்னும் நாள் இருந்தது. போனில் குரல் விட்டுவிட்டு வந்தது.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"என்ன விளையாட்டு இது? சொல்லாம எப்படிக் கூட்டிட்டுப் போவே?"

"உங்க தங்கச்சிதானே, நீங்க சொல்லுங்க."

"நான் நடுக்கடல்ல இருக்கேன்."

"தெரியுது. நல்ல இடமாப் பாத்துத்தான் நிக்கிறீங்க."

அவன் சிரிக்க முயன்றான். அப்புறம், "உனக்கு மனசு மாறலையே?" என்றான்.

"மாறல. ஆனா லேசா இல்ல."

"எனக்கும்தான்" என்றான் அவன். லைன் போய்விட்டது.

கதவு தட்டாமலே திறந்தது. ஊசி கையில் பொட்டலத்தோடு வந்தாள். அண்ணியின் மகளும் மகனும் வீட்டில் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். இல்லை என்றதும் அறைக் கதவைச் சாத்திவிட்டு நைட்டியைக் கட்டிலில் விரித்தாள். வெளிர்நீலம். கழுத்தில் மெல்லிய வெள்ளை ஓரம். ஊசி இவ்வளவு பார்த்துப் பார்த்துத் தைத்து அண்ணி கண்டதில்லை.

"இங்க தொட்டுப் பாருங்க. ஏதாவது தெரியுதா?"

"என்னது?"

மார்புக்கு இரண்டு பக்கமும், மடிப்புக்குள் மறைத்து வைத்திருந்த ஜிப்களில் ஒன்றை ஊசி சர்ரென்று இறக்கிக் காட்டினாள்.

"பிள்ளை பசின்னு கத்துறப்போ ஒவ்வொரு பட்டனாக் கழட்டிக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா? பக்கத்துல பாருங்க. உள்ள எவ்வளவு துணி விட்டிருக்கேன்! மாசம் ஏற ஏற ஒரு தையல் பிரிச்சா போதும். கடைசி வரைக்கும் இது ஒண்ணே ஓடும்."

அண்ணி ஜிப்பையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முழிக்காதீங்க. ஊருக்கே மறைக்கலாம், டேப்புக்கு மறைக்க முடியுமா? ஆரம்பத்துலயே வெளிய சொல்ல வேண்டாம்னு இருக்கீங்க, சரின்னு நானும் வாயைத் தச்சுக்கிட்டேன். என் வாயைத் தைக்கிறது எவ்வளவு பெரிய வேலைன்னு உங்களுக்கே தெரியும்."

"ஊசி, உக்காரு."

"இந்த மாதிரி நேரத்துல நீங்கதான் உக்காரணும்."

"உக்காருன்னு சொல்றேன்ல."

ஊசி உட்கார்ந்தாள். விரல் இன்னும் ஜிப்பின் மேல் இருந்தது.

"நாளைக்குப் போறது செக்கப்புக்கு இல்ல. கலைக்க."

ஊசி ஜிப்பை மெதுவாக மேலே ஏற்றினாள். அது பாதியில் துணியைக் கவ்விக்கொண்டது. அதை நோகாமல் விடுவித்தாள். முழுக்க ஏற்றிய பிறகுதான் கேட்டாள்.

"டாக்டர் வேண்டாம்னு சொன்னாங்களா?"

சொன்னார் என்று சொல்லிவிடலாம். பேச்சு அதோடு முடிந்துவிடும். அண்ணிக்கு அந்தப் பொய்யும் நாக்கு வரைக்கும் வந்தது.

"இல்ல. ஜாக்கிரதையா இருந்தா முடியும்னுதான் சொன்னாங்க. நான்தான் முடியாதுன்னேன்."

"ஏன்?"

"சின்னவனைப் பெத்தப்போ நான் பிழைச்சு வந்தது உனக்குத் தெரியும். வெளிய நின்னு அழுதவளே நீதான். மறுபடி அந்தக் கதவுக்குள்ள போக எனக்குத் தைரியம் இல்ல. தைரியம் மட்டும் இல்ல, தெம்பும் இல்ல. நிஜத்தைச் சொன்னா ஆசையும் இல்ல. அவ்வளவுதான்."

"அண்ணனுக்கு?"

"தெரியும்."

"அப்போ அளவு எடுத்தவளுக்கு மட்டும்தான் தெரியாது."

"அன்னைக்கே சொல்ல வந்தேன். நீ பாட ஆரம்பிச்சுட்டே."

"அது என் தப்பா?"

"இல்லடி. தப்பு என்னோடது."

ஊசி நைட்டியைத் தட்டிச் சமன் செய்தாள். அதில் சுருக்கமே இல்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா?"

"பெத்து என் கையில குடுத்துடுங்க, நான் வளத்துக்கறேன்னு சொல்லியிருப்பேன்."

"அதனாலதான் கேக்கல. நீ கேட்டா என்னால மாட்டேன்னு சொல்ல முடியாது."

"இப்போ கேக்கிறேன்."

வெளியே யாரோ வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை. அண்ணி அந்தச் சத்தம் ஓயும் வரைக்கும் காத்திருந்தாள்.

"மாட்டேன்."

"சொல்ல முடியாதுன்னீங்க. நல்லாத்தான் சொல்றீங்க" என்றாள் ஊசி. நைட்டியை மடித்தாள். மடித்ததைப் பொட்டலத்துக்குள் திரும்ப வைத்தாள்.

"ஊசி, நாளைக்கு..."

"கூட ஆளு இல்லைன்னா உள்ள விடமாட்டாங்களா?"

"விடமாட்டாங்க."

ஊசி பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பை இடம் மாற்றி மாட்டி, மறுபடி கழற்றி, சரியாக மாட்டிக்கொண்டு போனாள்.

*

காலையில் அண்ணி நகப்பூச்சைத் துடைத்தாள். வளையல் கழல மறுத்தது. சோப்புப் போட்டுக் கழற்றியதில் மணிக்கட்டு சிவந்துவிட்டது. பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிடலாமா என்று நினைத்தாள். டீச்சரிடம் சொன்னால் தெருவுக்கே மணி அடித்த மாதிரி. தள்ளிப் போடவும் வழியில்லை. இதற்கு மேல் நாள் கடந்தால் முடியாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தாள்.

வாசலில் டாக்சி ஹாரன் அடித்தது.

பின்சீட்டில் ஊசி உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"ஏறுங்க. நேரமாகுது."

"நீ வரமாட்டேன்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

கொஞ்ச தூரம் போன பிறகு, "பசிக்குதா?" என்றாள்.

"ம்."

"எனக்கும்."

"நீ ஏண்டி சாப்பிடல? உனக்கா மயக்கம் குடுக்கப் போறாங்க?"

"இறங்கல, விடுங்க."

கிளினிக்கில் பச்சைச் சுவர், பிளாஸ்டிக் நாற்காலிகள், சத்தம் இல்லாத டிவி. நர்ஸ் குண்டாக, கலகலப்பாக இருந்தாள்.

"கூட வந்திருக்கிறது யாரு?"

"நாத்தனார்" என்றாள் அண்ணி.

"அட, நாத்தனாரா? சண்டை போடாம வந்து சேந்தீங்களா?"

"போட்டு முடிச்சுட்டுத்தான் வந்தோம்" என்றாள் ஊசி. நர்ஸ் சிரித்தாள். அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

துணி மாற்றும் அறையில் ஊசி பொட்டலத்தைப் பிரித்தாள். அதே வெளிர்நீல நைட்டி. ஆனால் ஜிப் இரண்டும் இல்லை. அவை இருந்த இடம் சின்னச் சின்னக் கைத்தையலால் மூடியிருந்தது. உள்ளே விட்டிருந்த துணியையும் வெட்டி, ஓரம் அடித்திருந்தாள்.

அண்ணி கையை நுழைத்துக்கொண்டாள். ஊசி கீழிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட்டுக்கொண்டே மேலே வந்தாள். கடையில் யாருக்கோ அளவு பார்ப்பதுபோல முகத்தை வைத்திருந்தாள்.

"தூங்கலையா நீ?"

"பிரிக்கிறதுக்குத்தான் நேரம் ஆகும். தைக்கிறது சுலபம்."

"ஊசி, என்னை..."

"இப்போ எதுவும் பேசாதீங்க அண்ணி. நான் ஏதாவது சொல்லிடுவேன், நீங்க அதைச் சுமந்துக்கிட்டு உள்ள போவீங்க. வேண்டாம். வளையல் எங்க? குடுங்க, நான் வெச்சுக்கறேன்."

கதவு திறந்தது. அண்ணி போனாள்.

கண் விழித்தபோது வயிற்றின் அடியில் பிசைகிற வலி. ஊசி பக்கத்தில் இருந்தாள். ரொட்டியைப் பிய்த்து, டீயில் நனைத்து ஊட்டினாள். மிச்சத்தைத் தானும் தின்றாள். வீடு திரும்பும்போது டாக்சிக்காரனிடம், "குழில எல்லாம் பாத்து இறக்குப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அண்ணியைப் படுக்க வைத்து, போர்த்திவிட்டு, ஒரு வாரம் சமையலையும் அவளே பார்த்துக்கொண்டாள். ஒரு குறை சொல்ல முடியாது. குத்தலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் அண்ணிக்கு என்னவோ போல் இருந்தது.

உடம்பு தேறிய பிறகு அண்ணி தையல் கடைக்குப் போனாள். போக ஒரு சாக்கு வேண்டுமே என்று மகனுடைய கிழிந்த பள்ளிப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம்போலக் கால் முக்காலியைத் தள்ளும் என்று அவள் வாசலில் நின்றாள்.

மிஷின் நின்றது. ஊசி எழுந்தாள். சுவரோரம் இருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். கஸ்டமர்களுக்கான நாற்காலி. அதைத் துணியால் துடைத்தாள்.

"வாங்க அண்ணி. உக்காருங்க. உடம்பு எப்படி இருக்கு?"

"இருக்குடி" என்றாள் அண்ணி. நாற்காலியில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். எந்த இடம் கிழிந்திருக்கிறது என்று கஸ்டமரைப் போலக் காட்டினாள்.