அந்தச் சொல்லுக்குத் திரும்பக் கூடாது

ஐஸ் பெட்டிக்கு இடம் போதவில்லை. மேசையை எடுங்கள் என்று யாரோ சொல்ல, அதன் மேலிருந்த கம்ப்யூட்டரையும் கேமராவையும் மைக்கையும் வயரோடு வாரி நெஞ்சில் அணைத்துக்கொண்டு நின்றாள் மதுவந்தி. எங்கே வைப்பது? வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தால், அன்றைக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒருத்தர் காலிலும் செருப்பு இருந்திருக்காது. அவ்வளவு கூட்டம் மதுரை கே.கே. நகரில் அந்த ஒரு வீட்டுக்குள் நின்றது. கடைசியில் எல்லாவற்றையும் வாஷிங் மெஷினுக்குள் திணித்து மூடினாள்.

மாமனார் காசிமாயன் மூன்று மாதமாகப் பேசக் கற்றுக்கொண்ட மேசை அது.

பங்குனியில் பம்புசெட்டுப் பக்கத்தில் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் போயிற்று, பேச்சும் போயிற்று. பத்து ஏக்கருக்கு அந்தப்பக்கம் நிற்கிற மாட்டை அதட்டியே திருப்புகிற தொண்டை அவருக்கு. அதிலிருந்து காற்றுதான் வந்தது. மகன் ராம்கி அப்பாவையும் அம்மாவையும் ஊரிலிருந்து அழைத்துவந்து தன்னோடு வைத்துக்கொண்டான். அவனுக்குக் கல்யாணமாகி அப்போது எட்டு மாதம். பெண் தல்லாகுளம், காதல் கல்யாணம். மதுவந்தியின் வேலையே இப்படிப் பேச்சிழந்தவர்களுக்கு ஆன்லைனில் பாடம் வடிவமைப்பதுதான். வீட்டுக்குள்ளேயே ஒரு மாணவர் வந்து உட்கார்ந்தால் விடுவாளா? கம்பெனி கொடுத்த படங்களில் பாய்மரப் படகும் ரொட்டி சுடும் இயந்திரமும் இருந்தன. தூக்கி எறிந்துவிட்டு மம்பட்டி, வாழைத்தார், பம்புசெட்டு என்று புதிதாகப் படம் பிடித்துப் போட்டாள். பதில் சரியாக இருந்தால் ஒரு பெண் குரல் "மிக அருமை" என்று சொல்லும். அந்தக் குரலைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்த வீட்டில் ஒருத்தருக்கும் சர்க்கரை வியாதி வராமல் போனது அதிசயம்தான்.

மூன்றாவது வாரம் காசிமாயன் "மம்பட்டி" என்றார். அன்றைக்கு வீட்டில் பாயசம்.

மனைவியின் படத்தில்தான் தடங்கியது. திரையில் அன்னக்கொடி சிரிப்பாள். இவர் "பேயாண்டி" என்பார். சிவப்புப் பெருக்கல் குறி வரும். மறுபடி முயலுங்கள் என்று குரல் கொஞ்சும். "பேயாண்டி." சிவப்பு. மேசையை விட்டு எழுந்த பிறகும் விடவில்லை. கட்டிலில் இருந்து "பேயாண்டி", பாத்ரூமில் இருந்து "பேயாண்டி". மதுவந்தி ஒருநாள் முழுக்கக் கூடவே இருந்து எண்ணினாள். அறுபத்தியொரு முறை.

பக்கவாதத்தில் சிலருக்கு இப்படி ஏதாவது ஒரு சொல் நாக்கில் ஒட்டிக்கொள்ளும், என்ன சொல்ல நினைத்தாலும் அதுதான் வரும் என்று அவள் படித்திருந்தாள். அதற்கென்று ஒரு பாடமே செய்தாள். ஒட்டிக்கொண்ட சொல்லுக்கு யாரும் பதில் தரக் கூடாது. பதில் கிடைக்காவிட்டால் மனசு வேறு சொல்லைத் தேடும். பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்: 'மாமா திரும்பத் திரும்பச் சொல்லும் அந்தச் சொல்லுக்கு யாரும் திரும்பக் கூடாது.' மாமியாரை உட்கார வைத்து விளக்கினாள். கப்பலூருக்கு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ராம்கியிடமும் சொன்னாள். எந்தச் சொல் என்று அவன் கேட்கவில்லை. அப்பா எழுப்பும் சத்தங்கள் எல்லாம் பிறந்ததிலிருந்து அவன் காதில் ஃபேன் ஓடுவது மாதிரி ஓடிக்கொண்டிருப்பவை.

பாடம் பலித்தது. அறுபத்தியொன்று முப்பதாயிற்று, ஒன்பதாயிற்று, ஒரு வாரமாக இரண்டில் நின்றது. வரைபடத்தில் கீழே இறங்கும் அந்தக் கோட்டைக் கம்பெனிக் கூட்டத்தில் காட்டியபோது எல்லாரும் கை தட்டினார்கள். திங்கட்கிழமை முதல் நானூறு வீடுகளுக்கு அந்தப் பாடம் போவதாக இருந்தது. இன்றைக்கு வியாழன். விடியற்காலையில் காசிமாயன் எழுந்திருக்கவில்லை.

வாசலில் கொட்டுச் சத்தம் சட்டென்று நின்றது.

"பேயாண்டி வீட்டுக் கோடி வந்துருக்கு. வழி விடுங்கப்பா."

மதுவந்தி கையிலிருந்த டம்ளர் தட்டைக் கீழே வைத்தாள். பக்கத்தில் நின்ற சொந்தக்காரப் பெண்ணிடம் யார் பேயாண்டி என்று கேட்டாள். என்ன மருமகள் இவள் என்பதுபோலப் பார்த்துவிட்டு அந்தப் பெண் சொன்னாள். அன்னக்கொடியின் அப்பா. செத்துப் பதினைந்து வருஷமாகிறது. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சேலை வரவேண்டும் இல்லையா, அதைத்தான் தம்பி அழகுபாண்டி கொண்டுவந்திருக்கிறான். இத்தோடு நிறுத்தியிருக்கலாம். சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "ஒங்க மாமா வாயில என்னைக்கு அன்னக்கொடின்னு வந்துச்சு? ஏ பேயாண்டி மவளேன்னு கூப்பிட்டா ஊருக்கே கேக்கும்."

கோடியைப் போர்த்திவிட்டுக் கூட்டம் கொஞ்சம் விலகியது. அன்னக்கொடி ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க அது மறுபடி மங்கியது. மதுவந்தி போய் ஒட்டி உட்கார்ந்தாள்.

"அத்தை, மாமா உங்களத்தான் கூப்பிட்டாங்களா?"

"ஆமா தாயி."

"முதல்லயே தெரியுமா உங்களுக்கு?"

"நாப்பத்திரெண்டு வருசமா கூப்பிடுற ஆளு. தெரியாமயா இருக்கும்?" 'பேயாண்டி மவளே'யில் முன்பாதிதான் அவர் வாயில் மிஞ்சியிருந்தது என்றும் அதுவே தனக்குப் போதுமாக இருந்தது என்றும் சொன்னாள்.

"ஏன் அத்தை எங்கிட்டச் சொல்லல?"

அன்னக்கொடி கண்ணாடியைத் துடைத்தாள். உள்ளே காசிமாயனின் தாடையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணி தெரிந்தது.

"திரும்பாம இருந்தா என் பேரு வரும்னு சொன்னியே. கல்யாணம் ஆன நாள்லருந்து அவுக வாயால அத நான் கேட்டதில்ல. ஒரு தடவ கேட்டுருவமேன்னு எனக்கும் ஆசையாப் போச்சு." மறுபடி துடைத்தாள். "நேத்துச் சாயங்காலமும் ரெண்டு வாட்டி கூப்பிட்டாக. பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தேன். முதுகு காட்டியே உக்காந்துட்டேன்."

வண்டி வந்துவிட்டதாக யாரோ வந்து சொன்னார்கள். மதுவந்தி எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளை உரித்தாள். முழுதாக வரவில்லை. நான்கு மூலைகளிலும் டேப்போடு கிழிந்து ஒட்டிக்கொண்டது. கூட வேலை செய்யும் அஸ்வத்துக்கு போனில், திங்கட்கிழமைப் பாடத்தை நிறுத்து என்று அனுப்பினாள். ஏன் என்று உடனே கேட்டான். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். போனை அரிசி டப்பாவின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தாள்.

பெட்டியைத் திறக்க ஆண்கள் நான்கு பக்கமும் நின்றார்கள். அன்னக்கொடி எழவில்லை. கோடி கொண்டுவந்த கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர், அவள் பிறந்த ஊர்க்காரர், வாசற்படியில் நின்று கூப்பிட்டார்.

"ஏ பேயாண்டி மவளே. எந்திரி ஆத்தா, நேரமாச்சு."

அன்னக்கொடியின் கழுத்து சட்டென்று திரும்பியது. பாதியில் நின்றது. முந்தானையின் ஈர முனை கையில் இருக்க, கூட்டத்துக்கு நடுவே மருமகளைத் தேடிப் பிடித்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.